கோபுரம் சாய்ந்த ஊரில் கைபேசிகள் நேராகப் பேச வேண்டுமானால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புயல் காலத்தில் செல்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தாலும், அவற்றின் துணையின்றிக் கைபேசிகள் ஒன்றோடொன்று நேராகத் தொடர்பு கொள்ளும் தொழில்நுட்பம் பரவினால் டெல்டா மாவட்டங்களின் தவிப்பு பெருமளவு தீரும் என்ற பொருளில் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். திருவாரூர் மாவட்டத்தில் பல ஆண்டுகளாகத் தொலைத்தொடர்புப் பாடம் கற்பித்து வருபவன் என்ற முறையில் அக்கட்டுரையின் நோக்கத்தை முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆயினும் அது தொடாமல் விட்ட சிக்கல் ஒன்று உண்டு. உயர் அலைவரிசையில் இரண்டு கருவிகளை இணைக்கும் பீம், அதாவது ஒரே திசையில் ஒடுக்கி அனுப்பப்படும் அலை, அறுந்துபோகும்போது, அந்த இணைப்புக்கென ஒதுக்கி வைத்த நேரமும் அலைவரிசையும் என்ன ஆகின்றன என்பதே அது. இதற்கு விடை காணாமல் கருவிகளை வாங்கிக் குவித்தால், மிகவும் தேவைப்படும் நாளில் அவை நம்மைக் கைவிட்டுவிடும் என்று அஞ்சுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது நேர்ந்ததை இப்பகுதி மக்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. மின்சாரம் நின்றதும் கோபுரங்களின் பேட்டரிகள் தீர்ந்தன. டீசல் கொண்டுபோகலாம் என்றால் சாலையெங்கும் மரங்கள் சாய்ந்து கிடந்தன. வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்களில் இருந்த பெற்றோர் எப்படி இருக்கிறார்கள் என்று வெளியூர்ப் பிள்ளைகளால் அறிய முடியவில்லை. சார்ஜ் மிச்சமிருந்த கைபேசிகூட, அரைக் கிலோமீட்டர் தள்ளி முகாமாக மாறியிருந்த பள்ளிக்கூடத்தில் உள்ள இன்னொரு கைபேசியை எட்ட வழியின்றிக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோபுரம் உயிரோடு இருந்தாக வேண்டும் என்பதே இன்றைய அமைப்பு.

இந்தக் குறையைப் போக்குவதற்கான விதிமுறைகள் உலக அளவில் எழுதப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. 3ஜிபிபி என்னும் தரநிலை அமைப்பு 2015-இல் நிறைவு செய்த 12-ஆம் வெளியீடு என்னும் விதித்தொகுப்பிலேயே, காவல், தீயணைப்பு, மீட்புப் பணியாளர்களை முதன்மையாக மனத்தில் கொண்டு, கருவிக்குக் கருவி நேரடித் தொடர்புக்கு இடமளித்தது. 2020-இல் நிறைவான 16-ஆம் வெளியீடு அதை 5ஜி-க்குக் கொண்டுவந்தது. அப்போது முதலில் வாகனங்களே கருத்தில் இருந்தன. 2022-இல் வந்த 17-ஆம் வெளியீட்டில், ஒரு கைபேசி மற்றொன்றின் செய்தியைக் கோபுரம் வரை கடத்திச் செல்லும் அஞ்சல் முறை 5ஜி-யில் சேர்ந்தது; அதற்கடுத்த வெளியீட்டில் கைபேசியிலிருந்து கைபேசிக்கே கடத்தும் முறையும் சேர்ந்தது.

குரலும் குறுஞ்செய்தியும் மட்டும் போதுமென்றால் 6 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழான அலைவரிசைகளே போதுமானவை. அங்கே அலை எல்லாப் பக்கமும் பரவும். மரத்தையும் சுவரையும் ஓரளவு சமாளித்துக் கடக்கும். பீம் அறுவது என்ற கவலை பெரிதாக எழாது. ஆனால் ஒரு புயல் பாதுகாப்பு மையத்தில் அடைக்கலம் புகுந்த நூற்றுக்கணக்கானோரின் செய்திகளையும், காயம்பட்டவரை மருத்துவர் பார்ப்பதற்கான காணொளியையும், வெள்ளத்தின் மேல் பறக்கும் ட்ரோன் அனுப்பும் படங்களையும் ஒரே ஒரு அஞ்சல் கருவி சுமக்க நேர்ந்தால், கீழ் அலைவரிசைகளில் இடம் பற்றாது. 2022-இல் நம் நாட்டில் ஏலம் விடப்பட்ட 26 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசைகளில்தான் அவ்வளவு அகலம் கிடைக்கிறது. அங்கே அலைநீளம் சுமார் 11.5 மில்லிமீட்டர்தான். எல்லாத் திசையிலும் பரப்பினால் சிறிது தூரத்திலேயே வலுவிழந்துவிடும் என்பதால், பல சிறு ஆன்டெனாக்களை ஒருங்கே இயக்கி, ஆற்றலை ஒரே திசையில் ஒடுக்கி அனுப்புகிறார்கள். அவ்வாறு ஒடுங்கிய அலையே பீம். அனுப்பும் கருவியின் பீமும் பெறும் கருவியின் பீமும் ஒன்றையொன்று நோக்கியிருந்தால்தான் இணைப்பு நிலைக்கும். இடையே ஓர் ஆள் வந்து நின்றாலே 20 டெசிபலோ அதற்கு மேலோ இழப்பு ஏற்படும். நூறில் ஒரு பங்கோ அதற்கும் குறைவான ஆற்றலோதான் மறுமுனையை அடையும். இதைச் சொன்னால் மாணவர்கள் முதலில் மழையைப் பற்றித்தான் கேட்பார்கள். சில நூறு மீட்டர் தொலைவுக்குள் கனமழை சில டெசிபலை மட்டுமே பறிக்கும். நனைந்த தென்னை ஓலையும், நடமாடும் மனிதர்களும், தகரக் கொட்டகையும்தான் நம் ஊரில் பெரிய தடைகள்.

கோபுரத்துக்கும் கைபேசிக்கும் இடையே பீம் அறுந்தால் என்ன செய்வது என்பதை 5ஜி-யின் முதல் விதித்தொகுப்பான 15-ஆம் வெளியீடே வகுத்துவிட்டது. கோபுரம் அளவீட்டுக்கான குறியலைகளைச் சீரான இடைவெளியில் அனுப்பிக்கொண்டே இருக்கும். அவற்றின் தரம் வரம்புக்குக் கீழே போகும் ஒவ்வொரு முறையையும் கைபேசி எண்ணிக்கொள்ளும். அந்த எண்ணிக்கை குறித்த அளவைத் தொட்டால், பீம் அறுந்துவிட்டதென்று முடிவு செய்து, நல்ல நிலையிலுள்ள வேறொரு பீமைத் தேர்ந்து, அதற்கென ஒதுக்கப்பட்ட இடத்தில், அதாவது குறித்த நேரத்தில் குறித்த அலைவரிசைத் துண்டில், கோபுரத்துக்கு வேண்டுகோள் அனுப்பும். மறுமொழி வந்ததும் இணைப்பு தொடரும். மீட்சிக்கான இடம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருப்பதும், அதை ஒதுக்கித் தருவதற்குக் கோபுரம் என்ற ஒரு தலைமை இருப்பதும் இந்த ஏற்பாட்டின் இரு தூண்கள். கோபுரம் சாய்ந்த ஊரில் இரண்டுமே இல்லை. 16-ஆம் வெளியீட்டின் நேரடித் தொடர்பு விதிகளில் பீம்களை நிர்வகிக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. 18-ஆம் வெளியீட்டுக் காலத்தில்தான் உயர் அலைவரிசை நேரடித் தொடர்பில் பீம்களை இணைப்பது, பேணுவது, அறுந்தால் மீட்பது ஆகியவை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன.

கோபுரம் இல்லாத இடத்தில் கருவிகள் தங்களுக்குள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் சிக்கல் விளங்கும். ஒவ்வொரு கருவியும் முதலில் உற்றுக் கேட்கிறது. கடந்த 1,100 மில்லிவினாடிகளில், அல்லது அமைப்பைப் பொறுத்து 100 மில்லிவினாடிகளில், அண்டைக் கருவிகள் அனுப்பிய கட்டுப்பாட்டுச் செய்திகளைப் படித்து, எந்த நேரக்கூற்றில் எந்த அலைவரிசைத் துண்டை யார் முன்பதிவு செய்திருக்கிறார்கள் என்று அறிந்துகொள்கிறது. வலுவாகக் கேட்கும் கருவிகளின் முன்பதிவுகளை நீக்கிவிட்டு, எஞ்சிய இடங்களில் ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுத்துக்கொள்கிறது. எஞ்சியவை 20 விழுக்காடு போன்ற ஒரு குறைந்தபட்ச அளவைக்கூட எட்டவில்லையென்றால், வலுவானது எது என்பதற்கான வரம்பை 3 டெசிபல் உயர்த்தி மறுபடி சலிக்கிறது. 100 மில்லிவினாடிக்கு ஒருமுறை செய்தி அனுப்பும் கருவி, இப்படிப் பெற்ற இடத்தை 5 முதல் 15 முறை வரை தொடர்ந்து வைத்துக்கொள்ளும். அரை வினாடி முதல் ஒன்றரை வினாடி வரை அந்த இடம் அதனுடையது. அதன் பிறகும் அதே இடத்தைத் தக்கவைத்துக்கொள்ள விதியில் வாய்ப்புண்டு.

அந்த ஒன்றரை வினாடிக்கு நடுவே பீம் அறுந்தால், அனுப்பும் கருவி தனது முறை வரும்போதெல்லாம் மரத்தின் மீதோ மனிதர் மீதோ ஆற்றலைக் கொட்டிக்கொண்டிருக்கும். செய்தி கிடைத்தது என்ற ஒப்புதல் மறுமுனையிலிருந்து வராததால் அதே செய்தியை மீண்டும் அனுப்ப மேலும் இடம் பிடிக்கும். அதன் முன்பதிவைக் கேட்ட அண்டைக் கருவிகளோ, ஒழுங்காக ஒதுங்கி நிற்கும். முறை வைத்துத் தண்ணீர் விடும் வாய்க்காலில் ஒருவருடைய மடை அடைத்துக்கொண்டால், அவருடைய முறை முடியும் வரை அவர் வயலுக்கும் பாயாமல், முறை தமதல்ல என்பதால் அடுத்தவரும் திறந்துகொள்ளாமல், தண்ணீர் வடிகாலுக்குப் போவதை நாம் பார்த்திருக்கிறோம்; இங்கே வீணாவது நேரமும் அலைவரிசையும். ஒரு முகாமில் ஓரிரு இணைப்புகள் மட்டும் இருந்தால் இந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். நூறு கருவிகள் நெருங்கியிருக்கும் இடத்தில், ஆள்கள் குறுக்கும் நெடுக்கும் நடக்கும்போது, எந்த நொடியிலும் சில பீம்கள் அறுந்தே இருக்கும்.

இதைவிடக் கடுமையானது புதிய பீமுக்கு மாறும்போது நேர்வது. கடலோர ஊர் ஒன்றின் பாதுகாப்பு மைய மொட்டை மாடியில் ஓர் அஞ்சல் கருவி இருப்பதாகக் கொள்வோம். வடக்கே பள்ளிக்கூட முகாமை நோக்கி அதன் பீம் இருக்கிறது. முன்பதிவுச் செய்தியும் அந்தத் திசையில்தான் போயிருக்கிறது. நிவாரண அரிசி ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் பள்ளி வாசலில் வந்து நிற்க, பீம் அறுகிறது. அஞ்சல் கருவி தேடிப் பார்த்து, கிழக்கேயுள்ள மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் பட்டுத் திரும்பும் வேறொரு பாதையைக் கண்டுபிடித்து, ஏற்கெனவே தன் பெயரில் உள்ள இடத்தில் அந்தப் பாதை வழியாக அனுப்பத் தொடங்குகிறது. பீமை மட்டும் பார்த்தால் இது வெற்றியான மீட்சி. ஆனால் கிழக்கே மீட்புப் பணியில் இருக்கும் இரண்டு கருவிகள், அந்த முன்பதிவு தங்கள் காதில் விழாத காரணத்தால், அதே நேரக்கூற்றை நியாயமாகவே எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கின்றன. அவற்றின் இணைப்பு சிதைகிறது. தங்கள் பீம்தான் அறுந்துவிட்டதென்று தவறாக எண்ணி அவையும் தேடத் தொடங்குகின்றன. அந்தத் தேடல் வேறு யாரையோ இடிக்கிறது. ஓர் ஊரின் தொடர்பு முழுவதும் இப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் குலைய ஒரே ஒரு டிரெய்லர் போதும். எனவே முன்பதிவு என்பது நேரத்துக்கும் அலைவரிசைக்கும் மட்டும் உரியதாக இருக்கக் கூடாது. எந்தத் திசைக்கு என்பதும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். பீம் மாறினால் முன்பதிவும் செல்லாததாகி, புதிய திசையில் காது கொடுத்துக் கேட்ட பின்னரே அனுப்ப வேண்டும். நான் இக்கடிதத்தை எழுதுவதற்கு முதன்மையான காரணம் இந்த ஒரு கருத்துதான்.

பீம் உண்மையில் அறுந்ததா என்று அறிவதும் நேரடித் தொடர்பில் எளிதன்று. கோபுரத்தைப் போல இடைவிடாமல் குறியலை அனுப்ப இங்கே யாருமில்லை. தரவு போகும்போதுதான் அளவீடும் போகும். மறுமுனையிலிருந்து ஒப்புதல் வரவில்லையென்றால் அதற்குத் தடை காரணமாக இருக்கலாம். வேறொரு கருவி அதே இடத்தில் அனுப்பி மோதியிருக்கலாம். அல்லது மறுமுனைக் கருவி அந்த நொடியில் தானே அனுப்பிக்கொண்டிருந்ததால் கேட்க முடியாமல் போயிருக்கலாம். தடை என்றால் பீமை மாற்ற வேண்டும், மோதல் என்றால் பீமை அப்படியே வைத்துக்கொண்டு இடத்தை மட்டும் மாற்ற வேண்டும், மூன்றாவது நிலையில் நேரத்தைச் சற்றுத் தள்ளினால் போதும். இன்றைய விதி, ஒப்புதல் வராத தடவைகளைத் தொடர்ச்சியாக எண்ணி, குறித்த எண்ணிக்கை வந்ததும் இணைப்பே முறிந்துவிட்டதாக அறிவிக்கிறது. இம்மூன்றையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. அனுப்பப்பட்ட இடத்தில் ஆற்றல் வலுவாக இருந்தும் செய்தியைப் படிக்க முடியவில்லை என்றால் மோதல் என்றும், ஆற்றலே இல்லை என்றால் தடை என்றும் பெறும் கருவியால் பெரும்பாலும் ஊகிக்க முடியும். அந்த ஊகத்தை மறுமுனைக்குச் சொல்ல ஒரு சிறு வழி திறந்திருந்தால் போதும்.

அந்த வழி கீழ் அலைவரிசையில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தரவு 26 கிகாஹெர்ட்ஸில் போகட்டும். முன்பதிவு, பீம் அறுந்த செய்தி, புதிய பீமுக்கான உடன்பாடு ஆகிய சிறு செய்திகள் எல்லாப் பக்கமும் பரவும் கீழ் அலைவரிசையில் போகட்டும். அப்போது அஞ்சல் கருவிக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கும் முன்பதிவு கேட்கும். இதற்குக் கீழ் அலைவரிசையில் சிறிது இடம் செலவாகும் என்று சிலர் தயங்கலாம். உயர் அலைவரிசையிலேயே மாற்றுப் பாதையைத் தேடுவதற்கு ஆகும் செலவோடு அதை ஒப்பிட வேண்டும்: இரு கருவிகளிலும் 16 பீம்கள் வீதம் இருந்தால் சோதிக்க வேண்டிய இணைகள் 256, அத்தனையையும் ஒதுக்கீடு இல்லாத இடத்தில் சோதித்தால் ஒவ்வொன்றும் அண்டைக் கருவிகளுக்கு இடைஞ்சல். இணைப்பு நல்ல நிலையில் இருக்கும்போதே மாற்றுப் பீம் இணைகள் சிலவற்றைத் தேர்ந்து, அவ்வப்போது சரிபார்த்து, ஒவ்வொன்றுக்கும் உரிய இடத்தையும் சேர்த்துக் குறித்து வைத்துக்கொள்வதே சிக்கனமான வழி. 17-ஆம் வெளியீட்டில், எந்த இடங்கள் தனக்கு உகந்தவை, எவை வேண்டாம் என்று ஒரு கருவி மற்றொன்றுக்குத் தெரிவிக்கும் ஒருங்கிணைப்பு வசதி ஏற்கெனவே இருக்கிறது. அதையே பீம்வாரியாகச் சொல்லும்படி விரித்தால், புதிதாக ஓர் அமைப்பைக் கட்ட வேண்டிய தேவைகூட இல்லை.

அறுந்த பீமின் முன்பதிவை எவ்வளவு நேரம் விட்டுவைப்பது என்பது நம் மண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய ஒன்று. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்பில் காற்றடிக்கும்போது ஓலை குறுக்கே வரும், விலகும், மறுபடி வரும். அங்கே பீம் சற்று நேரத்தில் தானாகவே திரும்பிவிடும். உடனே முன்பதிவைக் கைவிட்டுத் தேடக் கிளம்பினால் தேடலிலேயே காலம் போகும். மாற்றுப் பீமில் அந்தச் சிறு இடைவெளியைக் கடத்திவிட்டுப் பழையதற்குத் திரும்புவதே நல்லது. டிரெய்லர் வந்து நின்றால் அது நகர எவ்வளவு நேரமாகும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே முன்பதிவை உடனே விட்டுக்கொடுக்க வேண்டும். நாகப்பட்டினத்துப் படகுகளில் அலையின் ஆட்டத்தோடு பீமும் மேலும் கீழும் சாயும். ஆட்டத்துக்கு ஓர் ஒழுங்கு இருப்பதால் அடுத்த துண்டிப்பை முன்கூட்டியே கணிக்கலாம். தை மாதத்தில் சம்பா அறுவடை இயந்திரம் வரப்போரம் திரும்புவதும் அத்தகையதே. வருங்காலத்தில் இயந்திரமும் டிராக்டரும் நேரடித் தொடர்பில் இயங்கினால், எந்தத் திருப்பத்தில் பீம் மறையும் என்பது வயலின் நான்கு மூலைகளைப் போலத் தெரிந்த செய்தியாக இருக்கும். வெளிநாட்டு நகரங்களின் கண்ணாடிக் கட்டடங்களையும் கார்களையும் அளந்து முடிவு செய்த நேர வரம்புகள் இவற்றில் எதற்கும் பொருந்தும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஆகவே டெல்டாவில் அளவீடுகள் செய்யப்பட வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் தொலைத்தொடர்புத் துறை உள்ள பொறியியல் கல்லூரிகள் பல இருக்கின்றன. திருச்சிராப்பள்ளியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. சென்னை ஐஐடி முன்னின்று பிற கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து உருவாக்கிய 5ஜி சோதனைத் தளம் 2022 மே மாதத்திலிருந்து நாட்டுக்குப் பயன்பாட்டில் உள்ளது. தோப்பிலும், நெல் நிற்கும் வயலிலும், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் ஓரத்திலும், மீன்பிடித் துறைமுகத்திலும் பீம் எத்தனை முறை அறுகிறது, எவ்வளவு நேரம் அறுந்தே இருக்கிறது, அந்த நேரத்தில் அண்டை இணைப்புகளுக்கு எவ்வளவு இழப்பு என்று ஓராண்டின் எல்லாப் பருவங்களிலும் அளப்பது மாணவர்களின் திட்டப்பணிக்கு எட்டாத வேலையன்று. உயர் அலைவரிசைக் கருவிகளின் விலைதான் தடை. அதை அரசு ஏற்க வேண்டும்.

அளந்ததை எடுத்துச் செல்ல வழியும் இருக்கிறது. இந்தியத் தொலைத்தொடர்புத் தரநிலைகள் மேம்பாட்டுச் சங்கம் 3ஜிபிபி-யின் பங்காளி அமைப்புகளில் ஒன்று. கோபுரங்களுக்கிடையே 6 கிலோமீட்டர் இடைவெளி உள்ள நம் கிராமப்புற நிலைமையையும் 5ஜி-க்கான தேர்வு நிபந்தனைகளில் சேர்க்க வேண்டும் என்று அச்சங்கம் முன்வைத்து, பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதை ஏற்றுக்கொண்டது. இந்தியக் கிராமத்தின் தூரம் உலக விதியில் இடம்பெற முடிந்தது என்றால், டெல்டாவின் தென்னந்தோப்பும் இடம்பெற முடியும்.

பேரிடர்க்காலத் தொடர்புக் கருவிகளை வாங்கும் அரசுத் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை மீட்டர் எட்டும், எவ்வளவு வேகம் என்ற இரண்டும் விளம்பரத்திலேயே கிடைத்துவிடும். கோபுரம் அறவே இல்லாத நிலையில், ஐம்பது கருவிகள் ஒரே இடத்தில் இயங்கும்போது, நடுவே ஆள்களை நடக்கவிட்டுச் சோதித்தால், அறுந்த பீம் எத்தனை மில்லிவினாடியில் மீள்கிறது, மீள்வதற்குள் மற்றவர்களின் எத்தனை செய்திகள் கெடுகின்றன, அறுந்த இணைப்பின் முன்பதிவு எப்போது விடுவிக்கப்படுகிறது என்ற மூன்றையும் விற்பவர் எழுத்தில் தர வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனை விதிக்கப்பட வேண்டும். அந்தச் சோதனையைக் குளிரூட்டப்பட்ட கூடத்தில் நடத்தாமல், வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகையில், வேதாரண்யம் கடலோரத்திலுள்ள பாதுகாப்பு மையம் ஒன்றில், ஊர் மக்கள் முன்னிலையில் நடத்த வேண்டும். இத்தகைய கருவிகள் குறித்த அறிவிப்பு அடுத்து எப்போது வெளியானாலும், தங்கள் செய்தியாளர்கள் அதிகாரிகளிடம் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டு, கிடைக்கும் விடைகளை அப்படியே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தொலைத்தொடர்புப் பாட ஆசிரியர்,
மன்னார்குடி.